சிகாமட் செம்மண்ணும் செவ்வாயின் எரிமலைகளும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் மாவட்டத்தில், சிகாமட் நகரை ஒட்டி, சுமார் 6.2 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பின் பாறைகள் உள்ளன. அந்தக் குழம்பைக் கக்கிய எரிமலை தன் பழைய உருவில் இன்று இல்லை. வெப்பமண்டல மழை பாறையைச் சிதைத்துச் சிதைத்து ஆழமான செம்மண்ணாக்கிவிட்டது. மலேசிய மண் வகைப்பாட்டில் அதற்குச் 'சிகாமட் தொடர்' என்றே பெயர். பால்மரத்துக்கும் பின்னர் செம்பனைக்கும் தமிழர்கள் உழைத்த ஜொகூர் மண் வகைகளில் இதுவும் ஒன்று. இதன் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வந்தது. செவ்வாய்க் கோளின் சிவப்பும் அப்படியே. ஆனால் செவ்வாயில் மலையைக் கரைக்கும் மழை நின்று முந்நூறு கோடி ஆண்டுகளாவது ஆகியிருக்கும். எனவே அங்கே எரிமலைகள் மண்ணாகாமல் மலைகளாகவே நிற்கின்றன.

அவற்றுள் பெரியவை கேடய எரிமலைகள். தரையில் கவிழ்த்து வைத்த கேடயம்போல் அகன்று, மெல்லச் சரிந்திருப்பதால் இந்தப் பெயர். ஐஸ்லாந்தின் ஸ்கியால்பிரெய்தர் என்ற மலையின் பெயருக்கே 'அகன்ற கேடயம்' என்றுதான் பொருள். சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு இளகிய தன்மையது. ஓரிடத்தில் குவியாமல் நெடுந்தொலைவு ஓடும். அத்தகைய ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துதான் ஹவாயின் மௌனா லோவா உருவானது.

செவ்வாயில் இத்தகைய மலை இருப்பது தெரியும் முன்பே அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. 1879இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி தொலைநோக்கியில் கண்ட ஒரு வெண்புள்ளிக்கு 'ஒலிம்பஸின் பனி' என்ற பொருளில் நிக்ஸ் ஒலிம்பிகா என்று பெயரிட்டார். 1971 நவம்பரில் மரைனர் 9 விண்கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது கோள் முழுவதையும் புழுதிப்புயல் மூடியிருந்தது. புழுதிக்கு மேலே நான்கு கரும்புள்ளிகள் மட்டும் தெரிந்தன. படமெடுக்க வந்த கலத்துக்குப் புயல் தடையாகத்தான் தோன்றியது. உண்மையில் எது உயரம் என்பதை முதலில் காட்டிக்கொடுத்ததே அதுதான். புழுதி அடங்க அடங்க, நான்கும் எரிமலை உச்சிகள் என்பது தெளிவானது. நிக்ஸ் ஒலிம்பிகா, ஒலிம்பஸ் மலையாயிற்று. மற்ற மூன்றும் தார்சிஸ் மேட்டின் அஸ்கிரேயஸ், பவோனிஸ், ஆர்சியா.

ஒலிம்பஸின் உயரம் சுமார் 22 கிலோமீட்டர். ஜொகூரின் மிக உயர்ந்த குனோங் லேடாங் 1,276 மீட்டர். அதைப்போல் பதினேழு மலைகளை அடுக்கினால்தான் ஒலிம்பஸுக்கு ஈடாகும். அதன் அடிவாரம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் அகலம். பரப்பில் தீபகற்ப மலேசியாவைப்போல் இரு மடங்குக்கும் மேல். சரிவோ சராசரியாக ஐந்து பாகைதான். அதில் நடப்பவருக்கு மலையேறும் உணர்வே அரிதாகத்தான் இருக்கும், விளிம்பில் பல கிலோமீட்டர் உயரத்துக்கு நிற்கும் செங்குத்துப் பாறையைக் கடக்க முடிந்தால்.

ஒலிம்பஸ் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குக் காரணம், அதன் அடியிலுள்ள மேலோட்டுத் தட்டு நகராததே. ஹவாயில் பசிபிக் தட்டு அடியிலுள்ள வெப்ப ஊற்றைக் கடந்து நகர்கிறது. ஒரு மலை முற்றுமுன் ஊற்று அடுத்த மலையைக் கட்டத் தொடங்கிவிடும். அதனால் அங்கே கிடைப்பது ஒரு தீவு வரிசை. செவ்வாயின் மேலோடு ஒரே தட்டு. கோடானுகோடி ஆண்டுகள் குழம்பு ஒரே இடத்தில் மேலேறியது. புவியில் ஐந்தில் இரண்டு பங்கே உள்ள ஈர்ப்பும், தடித்த மேலோடும் அந்தப் பாரத்தைத் தாங்கின. ஒலிம்பஸின் மேற்கு விளிம்பில் சில ஓட்டங்கள் இருபது லட்சம் ஆண்டுகளே பழையவை என அவற்றில் விண்கற்கள் மோதிய பள்ளங்களை எண்ணிக் கணித்திருக்கிறார்கள். நிலவியல் கணக்கில் இது நேற்று நடந்ததற்குச் சமம்.

செவ்வாய் எரிமலைப் பாறை இந்திய மண்ணிலும் விழுந்திருக்கிறது. 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் சுமார் ஐந்து கிலோ எடையுள்ள விண்கல் ஒன்று விழுந்தது. அது பசால்ட் வகைப் பாறை. அதே இனத்தைச் சேர்ந்த ஓர் அண்டார்டிகா விண்கல்லில் சிறைப்பட்டிருந்த வாயு, வைக்கிங் கலங்கள் 1976இல் செவ்வாயில் அளந்த காற்றோடு ஒத்திருப்பது 1980களில் தெரியவந்தது. ஷெர்காட்டிக் கல் வந்த இடம் அப்போதுதான் விளங்கியது. செவ்வாய் விண்கற்களில் பெரும்பான்மையும் இன்று 'ஷெர்காட்டைட்' என்றே அழைக்கப்படுகின்றன.

செவ்வாயில் மட்டுமல்ல, வெள்ளிக் கோளிலும் கேடய எரிமலைகள் ஏராளம். கண்ணால் ஊடுருவ முடியாத அதன் மேகமூட்டத்தை ரேடாரால் ஊடுருவி 1990 முதல் 1992 வரை மெஜல்லன் கலம் படமெடுத்தது. அந்த எரிமலைகளில் ஒன்றான மாத் மலையின் ஒரு வாய் 1991இல் எட்டே மாதத்தில் சுமார் இரு மடங்காக விரிந்திருப்பதைப் பழைய படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் 2023இல் கண்டறிந்தனர்.