ஒற்றைக் கையில் நின்ற முன்சக்கரம்



பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தைவிட்டு வெளியேறி, தில்லி, மும்பை, புனே, கான்பூர், லக்னோ முதலிய நகரங்களில் குடியமர்ந்த நம்மவருக்கு மோட்டார் ஸ்கூட்டரைப் பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. முன்னால் நின்றபடி குழந்தை, பின்னிருக்கையில் மனைவி, கொக்கியில் காய்கறிப் பை என்று ஒரு குடும்பத்தையே சுமந்த வாகனம் அது. அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் கூடவே ஓர் எச்சரிக்கையையும் கொடுத்தார்கள்: “முன்பிரேக்கைத் தொடாதே, வண்டி கவிழ்த்துவிடும்” என்பது அது. ஆகவே வலக்கை நெம்புகோல் பெரும்பாலும் சும்மா இருந்தது. வலக்கால் ஒன்றே வண்டியை நிறுத்திவந்தது. இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? அதில் எவ்வளவு நியாயம் உண்டு? இவற்றை அறிய நாம் இத்தாலிவரை சென்று மீளவேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் பொன்டெடேரா நகரிலிருந்த பியாஜியோ விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு இலக்காகிச் சிதைந்தது. போர் ஓய்ந்தபின், மக்கள் எளிதில் வாங்கக்கூடிய வாகனம் ஒன்றைச் செய்ய முற்பட்ட என்ரிக்கோ பியாஜியோ, அப்பொறுப்பைக் கொர்ரதீனோ தஸ்கானியோ என்னும் பொறியியலாரிடம் ஒப்படைத்தார். அவர் விமானத் துறையில் தேர்ந்தவர். 1930ஆம் ஆண்டிலேயே ஹெலிகாப்டர் ஒன்றைப் பறக்கவிட்டுச் சாதனை புரிந்தவர். ஆனால் மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காத ஒன்று. சங்கிலியின் எண்ணெய் உடையைக் கறைப்படுத்துகிறது, டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவதே பெரும்பாடாகிறது என்பவை அவருடைய குறைகள்.

இக்குறைகளுக்கு விடையாகப் பிறந்ததே வெஸ்பா. 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அதற்கு உரிமைக்காப்பு கோரப்பட்டது. 98 சி.சி. எஞ்சினுடன், மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் அது சென்றது. வெஸ்பா என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் குளவி என்பது பொருள்.

மோட்டார் சைக்கிளில் முன்சக்கரத்தை இருபுறமும் இரு கவைகள் பற்றியிருக்கும். தஸ்கானியோ ஒரு கவையை நீக்கிவிட்டார். விமானம் தரையிறங்கும் சக்கரத்தை ஒரே தண்டு தாங்குவதுபோல, ஸ்கூட்டரின் முன்சக்கரத்தையும் ஒரு பக்கத்திலிருந்தே தாங்கச் செய்தார். இதனால் மோட்டார் காரின் சக்கரத்தைப்போலச் சில நட்டுகளைக் கழற்றியதும் சக்கரம் கையோடு வந்துவிடும். நம் ஊர்ச் சாலைகளில் பஞ்சரான டயரை ஓரங்கட்டி, ஸ்டெப்னியைப் பத்து நிமிடத்தில் மாட்டிக்கொண்டு அலுவலகம் சென்றவர்கள் எல்லாரும் அந்த யோசனையின் பயனை அனுபவித்தவர்களே.

எனினும், எந்தப் பொறியியல் வசதியும் விலையின்றிக் கிடைப்பதில்லை. அந்த ஒற்றைத் தண்டின் கீழ்நுனியில் ஒரு சிறு கை, ஊசலைப்போல மேலும் கீழும் அசையுமாறு பொருத்தப்பட்டது. அக்கையின் பின்நுனியில் சக்கரத்தின் அச்சு அமைந்தது. பிரேக்கின் தட்டும் அதே கையோடு பிணைக்கப்பட்டது. பிரேக் ஷூக்கள் சுழலும் டிரம்மைக் கவ்வும்போது, சக்கரம் அந்தத் தட்டையும் தன்னோடு சுழற்ற முயல்கிறது. தட்டு தனியே சுழல வழியில்லாமையால், அந்த விசை சிறு கையை மேல்நோக்கித் தூக்குகிறது. சுருள்வில் அமுங்குகிறது. நிறுத்தும் வேளையில் பாரம் எப்படியும் முன்பக்கம் சாயும்; அதனுடன் இந்த விசையும் கூடுவதால் வண்டியின் மூக்கு சட்டென்று தாழ்கிறது. ஓட்டுபவர் இதனைக் கவிழப்போவதன் அறிகுறியாகக் கொண்டார். முன்பிரேக்கின்மீது எழுந்த பழியின் முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம், சக்கரங்களின் நேர்மை தவறுதல். 8 அங்குலச் சிறு சக்கரம் குழியில் விழுந்தால் அடி நேரே தண்டின்மீது இறங்கும். ஒரு பக்கத்தில் மட்டுமே தாங்கப்படும் சக்கரமாதலால், தண்டு இம்மியளவு வளைந்தாலும் முன்சக்கரம் பின்சக்கரத்தின் கோட்டிலிருந்து விலகிவிடும். கைப்பிடித் தண்டின் பேரிங் தளர்ந்தாலும், சிறு கையின் முளை தேய்ந்தாலும், பின்னால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் நைந்தாலும் இதே விளைவு உண்டாகும். மேலும் வெஸ்பாவின் எஞ்சின் பின்சக்கரத்தின் வலப்புறத்தில் அமைந்திருப்பதால் வண்டிக்கு இயல்பாகவே ஒருபக்கச் சாய்வு உண்டு. இத்தகைய வண்டியில் முன்பிரேக்கை அழுத்தினால் அது ஒரு பக்கமாக இழுக்கும். குற்றம் கோட்டில் இருக்க, தண்டனை பிரேக்குக்குக் கிடைத்தது.

இதே காலத்தில் மிலான் நகரின் இன்னொசென்ட்டி நிறுவனம் 1947 முதல் லாம்பிரெட்டாவைச் செய்து வந்தது. நாம் இந்தியாவில் கண்ட லாம்பிரெட்டாக்களில் முன்சக்கரம் இரு கவைகளுக்கு நடுவே நின்றது. ஆனால் இருபுறத்து வில்களும் புஷ்களும் ஒரே அளவாகத் தேயாவிட்டால் அங்கும் சக்கரம் சாய்ந்துவிடும். அந்நிறுவனமே 1962இல் தன் டி.வி. 175 வகை ஸ்கூட்டரின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தி விற்றது என்பது குறிப்பிடத்தக்கது. முன்பிரேக்கை ஒதுக்குவதன்று, மேம்படுத்துவதே வழி என அன்றே சிலர் உணர்ந்திருந்தனர்.

இவ்விரு மரபுகளும் நம் நாட்டுக்கு வந்தன. 1950களில் பம்பாயில் லாம்பிரெட்டா உருவாயிற்று. 1960களில் பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் ஒத்துழைப்புடன் வெஸ்பா வகையைச் செய்தது. அவ்வொப்பந்தம் 1971இல் முடிந்ததும், மகாராணா பிரதாபின் குதிரையின் பெயர் தாங்கிய சேட்டக் 1972இல் வெளிவந்தது. அதே ஆண்டில் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்னும் அரசுத்துறை நிறுவனம் தோன்றி, இத்தாலியில் நின்றுபோன லாம்பிரெட்டாவின் இயந்திரங்களைக் கொண்டு விஜய் சூப்பரைச் செய்தது. அதன் ஸ்கூட்டர் உற்பத்தி 1997இல் நின்றது.

பணம் கட்டிப் பல்லாண்டு காத்திருந்து பெற்ற வண்டியை எவரும் எளிதில் கைவிடமாட்டார். எனவே தேய்ந்த உறுப்புகளுடனேயே வண்டிகள் ஓடின. முன்பிரேக் சரியில்லை என்றால் கேபிளை இறுக்குவதோடு பலர் நிறுத்திக்கொண்டனர். தேர்ந்த மெக்கானிக்கோ வேறு வரிசையைப் பின்பற்றினார். முதலில் இரு சக்கரங்களின் ஓரமாக நூல் பிடித்தோ நேரான கட்டையை வைத்தோ கோடு சரிபார்ப்பார். பின்பு சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பேரிங்கையும் முளையையும் சோதிப்பார். அடுத்து, ஷாக் அப்சார்பர் உயிருடன் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். அதன்பிறகே டிரம்மைத் திறந்து, கிரீஸ் கசிந்து லைனிங் நனைந்துள்ளதா எனக் காண்பார். கேபிள் அவருக்குக் கடைசி வேலை. கோடு கோணலாக இருக்கையில் பிரேக்கை இறுக்குவது அபாயத்தை இறுக்குவதாகும் என்பது அவ்வரிசையின் பொருள்.

முன்பக்கம் தாழும் குறையைப் போக்கப் பியாஜியோ நிறுவனமே 1970களின் பிற்பகுதியில் வெளியிட்ட பி 125 எக்ஸ் வண்டியில் முன்புற அமைப்பைத் திருத்திற்று. நம் நாட்டிலோ 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி. வரையிலான புதிய வண்டிகளில் இரு பிரேக்குகளும் இணைந்தியங்கும் ஏற்பாடோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடோ இருக்கவேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட்டது. நிறுத்தும்போது பாரம் முன்சக்கரத்தின்மீதே சாய்வதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கும் அங்கேதான் உள்ளது. பின்பிரேக்கை மட்டும் நம்புபவர் அதனைப் பயன்படுத்தாமல் விடுகிறார். அவருடைய வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஓடுகிறது. அந்தத் தூரம் சில வேளைகளில் ஓர் உயிரின் அளவு.

பழைய ஸ்கூட்டரை இன்றும் போற்றிக் காத்துவருவோர் நம்மவரிடையே பலர் உளர். வண்ணம் பூசுவதற்கும் பளபளப்பு ஏற்றுவதற்கும் முன்பாக, இரு சக்கரங்களும் ஒரு கோட்டில் நிற்கின்றனவா என்று அவர்கள் பார்ப்பது நன்று. முன்னோர் தந்த எச்சரிக்கை அவர்கள் ஓட்டிய தேய்ந்த வண்டிக்குப் பொருந்தியது. சீர்செய்த வண்டிக்கு அது பொருந்தாது.