இதயத் தசைத் தடிப்பு நோய்

இரத்தக் கொதிப்பு, வால்வுச் சுருக்கம் போன்ற தக்க காரணம் எதுவும் இல்லாமல் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போவது இதயத் தசைத் தடிப்பு நோய். ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, சுருக்கமாக எச்.சி.எம்., என்பது மருத்துவர்கள் வழங்கும் பெயர். பெரியவர்களில் ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவரிடம் காணப்படுவதால் இதை அரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. புகை, மது, எண்ணெய்ப் பலகாரம், உடலுழைப்பின்மை இவற்றில் எதுவும் இதை உண்டாக்குவதில்லை. இவற்றையெல்லாம் ஒதுக்கி வாழ்ந்தவரையும் இது விட்டுவைப்பதில்லை. கொலஸ்ட்ரால் அளவாக இருக்கும், ஆஞ்சியோகிராமிலும் அடைப்பு தெரியாது. பரிசோதனைத் தாளில் எல்லாம் சரி என்று எழுதிக் கொடுக்கப்பட்டவருக்கும் இந்த நோய் இருக்கக்கூடும்.

இதயத் தசை சுருங்கி விரிவதற்குச் சில புரதங்கள் பொறுப்பு. அவற்றுக்கான மரபணு ஒன்றில் பிழை நேர்ந்தால் தசை தேவைக்கு மீறிய வேகத்தோடு சுருங்குகிறது, சரியாகத் தளர மறுக்கிறது. நாளடைவில் தசை இழைகள் வரிசை குலைந்து, இடையிடையே தழும்புத் திசு படிகிறது. இதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறாவதற்கு இந்தத் தழும்புகளே பெரும்பாலும் விளைநிலம். நோயாளிகள் பலருக்குத் தடித்த சுவர் இரத்தம் வெளியேறும் வழியையும் நெருக்குகிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குதல், நெஞ்சு இறுக்கம், ஓட்டத்தின் நடுவே மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். நெஞ்சுவலி என்றதும் நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். இரத்தக் குழாய்களை விரித்துவிடும் அம்மாத்திரை, வழி நெருங்கிப்போன இதயத்தில் நெருக்கத்தைக் கூட்டி ஆளை மயங்கி விழச் செய்யலாம். உடலில் நீர் குறைவதும் அதே தீங்கைச் செய்யும்.

நவீன மருத்துவம் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டது 1958இல். திடீரென இறந்த இளவயதினரின் இதயங்களைப் பரிசோதித்த லண்டன் நோயியலர் டொனால்ட் டியர், சுவர் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்ததை விவரித்து எழுதினார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கோட்டிகூக் என்னும் சிற்றூரில் ஒரு பிரெஞ்சுக் கனடியக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆட்களை இழந்துகொண்டிருந்தது. ஊரார் அதைச் சாபம் என்றார்கள். அக்குடும்பத்தின் கிளைகளை ஆராய்ந்த மருத்துவர்கள் 1961இல் அது பரம்பரை இதய நோய் என்று பதிவு செய்தார்கள். ஹார்வர்டின் கிறிஸ்டின் சைட்மன், ஜோனதன் சைட்மன் இணையரின் குழு அதே குடும்பத்தின் இரத்த மாதிரிகளை வைத்து, 1990இல் மயோசின் புரதத்துக்கான மரபணுவில் ஒற்றை எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தது. பெற்றோரில் ஒருவரிடம் பிழை இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச் சேரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆணா பெண்ணா என்ற வேறுபாடு இல்லை. இருவரிடமிருந்தும் பழுதான படி வந்துவிட்டால் நோய் குழந்தைப் பருவத்திலேயே கடுமையாக வெளிப்படலாம் என்பதால், சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தெற்காசியர்களுக்கு இதில் தனிப் பக்கம் ஒன்று உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும் பிறரும் 2009இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியத் துணைக்கண்டத்தவரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்கு எம்.ஒய்.பி.பி.சி.3 என்னும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன, அதற்கும் இதயத் தசை நோய்களுக்கும் தொடர்பு உண்டு என்பது அதன் சாரம். செய்தித்தாள்கள் இதைக் கிட்டத்தட்டத் தீர்ப்பாகவே எழுதின. பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு தூரம் போகவில்லை. அந்த விடுபாடு உள்ள பலரின் இதயம் இயல்பாகவே இருக்கிறது. கூடவே ஒட்டிவரும் வேறொரு மாற்றம்தான் சிலரிடம் தீங்கு செய்கிறது என்ற கருத்தும் வலுத்திருக்கிறது. மரபணுப் பரிசோதனையில் அந்த விடுபாடு தெரிந்தால், அந்த ஒரு முடிவை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை.

உடற்பயிற்சி இந்த நோயை மறைக்கவும் கூடும். 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில், யாரும் மோதாமலே கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ மைதானத்தில் சரிந்து இறந்தார். வயது 28. எச்.சி.எம். இருந்தது உடற்கூறாய்வில்தான் தெரிந்தது. கடும் பயிற்சியாலும் இதயச் சுவர் ஓரளவு தடிக்கும் என்பதே இங்கே சிக்கல். எக்கோவில் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நோய் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். 13, 14 என்று வந்தால் குழப்பம். விளையாட்டு வீரரின் இதய அறை விரிந்திருக்கும், நோயாளியினுடையது சுருங்கியிருக்கும். சில மாதம் பயிற்சியை நிறுத்திப் பார்த்தால் வீரரின் சுவர் மெலியும், நோயாளியினுடையது அப்படியே நிற்கும். நோயுள்ளோரில் மிகப் பெரும்பாலோருக்கு ஈ.சி.ஜி.யிலேயே மாற்றம் தெரியும். இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்கு இதயப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருத்துவம் பீட்டா பிளாக்கர் மாத்திரையில் தொடங்கும். அது போதாதவர்களுக்குத் தடித்த தசையை அறுவையில் செதுக்கி எடுப்பார்கள், அல்லது குழாய் வழியே ஆல்கஹால் செலுத்தி அப்பகுதியைச் சுருக்குவார்கள். தசையின் மிகை வேகத்தையே தணிக்கும் மாவகாம்டென் என்ற மருந்துக்கு 2022இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. திடீர் மரண ஆபத்து மிகுந்தவர்களுக்கு, துடிப்பு பிசகும்போது தானாக மின்னதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. கருவியை மார்புத் தோலுக்கடியில் பொருத்துகிறார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் இயல்பான ஆயுளை வாழ்கிறார்கள்.

ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவருக்கும் ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் எடுக்க வேண்டும். முதல்முறை இயல்பாக இருந்தாலும் சிறுவர்களுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் மீண்டும் பார்ப்பது வழக்கம். குடும்ப வரலாறு கேட்கும்போது யாருக்காவது மாரடைப்பு வந்ததா என்று மட்டும் கேட்டு நிறுத்தினால் பாதி தகவல் விடுபட்டுப்போகும். இளவயதில் தூக்கத்தில் இறந்த சித்தப்பா, நீச்சல் தெரிந்தும் கிணற்றில் மூழ்கிய மாமா, வலிப்பு என்று சொல்லப்பட்ட அத்தை என எல்லாரையும் விசாரிக்க வேண்டும்.

நோய் தெரிந்தபின் விளையாட்டையே விட்டுவிடச் சொல்வது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, கடுமையான உடற்பயிற்சி செய்த நோயாளிகளுக்கு மற்ற நோயாளிகளைவிட ஆபத்து கூடவில்லை என்று காட்டியபின் அந்தக் கண்டிப்பு தளர்ந்து வருகிறது. உடல் பருமனும் இரத்தக் கொதிப்பும் இந்நோயின் தொல்லைகளைக் கூட்டுவதால், முன்பு பழகிய நடையும் அளவான சாப்பாடும் இப்போதும் தொடர வேண்டியவையே. எவ்வளவு வேகம் வரை போகலாம் என்பதை, டிரெட்மில்லில் ஓடவிட்டு நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தபின் இதய மருத்துவர் முடிவு செய்வார்.