நரிகளுக்கு அடையாளமிட்டு விடுவித்தல்

நரிகளுக்கு அடையாளமிட்டு விடுவித்தல் என்பது காட்டிலும் வயல்வெளியிலும் வாழும் நரிகளை உயிருடன் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணோ குறியோ இட்டு, பிடித்த இடத்திலேயே மீண்டும் விட்டுவிடும் ஆய்வு முறையாகும். நரிகளின் எண்ணிக்கை, ஆயுள், நடமாட்டம், நோய்கள் ஆகியவற்றை அறிய இம்முறை பயன்படுகிறது. நுண்சில்லு (மைக்ரோசிப்), காது வில்லை, வானொலிக் கழுத்துப்பட்டை (ரேடியோ காலர்) ஆகியவை இதில் பயன்படும் முதன்மையான கருவிகள் ஆகும்.

தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் பொங்கலையொட்டி நரியைப் பிடித்து விடுவிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது வங்காநரி சல்லிக்கட்டு எனப்படுகிறது. அதிலும் நரி பிடிக்கப்பட்டு விடுவிக்கப்படுகிறது. ஆனால் அடையாளம் எதுவும் இடப்படுவதில்லை. அடையாளமிடுதல் எதற்காக என்பதை விளங்கிக்கொள்ள இவ்விரண்டையும் ஒப்பிடுதல் உதவும்.

பெயரும் விலங்கும்

தமிழில் நரி என்னும் சொல் இரு வேறு விலங்குகளைக் குறிக்கப் பயன்படுகிறது. ஒன்று, ஊளையிடும் பெரிய நரி. இது ஓநாய், நாய் ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்தது. மற்றொன்று, இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டுமே காணப்படும் சிறிய குள்ளநரி. இதன் அறிவியற் பெயர் வல்ப்பெஸ் பெங்காலென்சிஸ் என்பதாகும். சேலம் வட்டாரத்தில் வங்காநரி என்று அழைக்கப்படுவது இக்குள்ளநரியே. இக்கட்டுரையில் குள்ளநரி என்பது இதனையே சுட்டும்.

குள்ளநரி சுமார் 2 முதல் 4 கிலோ எடை உடையது. வாலின் நுனி கருமையாக இருக்கும். எலி, கறையான், வெட்டுக்கிளி, ஓணான், நண்டு, தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டை, பழங்கள் எனப் பலவற்றை உண்ணும். அடர்ந்த காட்டை விடப் புல்வெளி, முட்புதர், தரிசு நிலம் ஆகியவற்றையே விரும்பும். பனமரத்துப்பட்டி, வாழப்பாடி, இராசிபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மானாவாரி நிலங்களும், கரடுகளும், மலையடிவாரப் புதர்க்காடுகளும் இத்தகைய நிலத்துக்கு எடுத்துக்காட்டுகள் ஆகும்.

ஆணும் பெண்ணும் இணையாக வாழும். பெரும்பாலும் திசம்பர், சனவரி மாதங்களில் இனச்சேர்க்கை நிகழும். ஏறக்குறைய 50 நாட்களுக்குப் பின் வளையில் 2 முதல் 4 குட்டிகள் வரை பிறக்கும்.

வங்காநரி சல்லிக்கட்டு

சேலத்துக்குக் கிழக்கே வாழப்பாடியைச் சுற்றியுள்ள சில சிற்றூர்களில் இவ்வழக்கம் பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. நரி முகத்தில் விழித்தால் நன்மை உண்டாகும் என்பது தமிழகத்தில் பரவலான நம்பிக்கை. தை பிறந்ததும் நரியைப் பார்த்துவிட்டு வேளாண் பணிகளைத் தொடங்கினால் மழையும் விளைச்சலும் பெருகும் என இவ்வூர் மக்கள் கருதுகின்றனர்.

பொங்கலையொட்டி ஊரார் புதர்களில் வலை விரித்து நரியைப் பிடிப்பர். அது கோயிலுக்கு எடுத்துச் செல்லப்பட்டு வழிபாடு செய்யப்படும். பின்னர் வாயைக் கட்டி, காலில் கயிறு பிணைத்து, மக்கள் நடுவே ஓட விடுவர். முடிவில் கட்டவிழ்த்துக் காட்டுப் பகுதியில் விட்டுவிடுவர். நரியைக் கொல்வது இவ்வழக்கத்தின் நோக்கம் அன்று. மாறாக, அது மங்கலப் பொருளாகவே கருதப்படுகிறது.

எனினும், காட்டு விலங்கைப் பிடிப்பது சட்டப்படி குற்றமாகும். ஆகவே வனத்துறையினர் பொங்கலுக்கு முன் ஊர்களில் விழிப்புணர்வு ஏற்படுத்துவதும், மீறி நரி பிடித்தோர் மீது அபராதம் விதிப்பதும் பல ஆண்டுகளில் நிகழ்ந்துள்ளன.

இதில் காலமும் கருதத்தக்கது. பொங்கல் வரும் சனவரி நடுப்பகுதி குள்ளநரியின் இனப்பெருக்கக் காலத்துக்குள் அமைகிறது. அப்போது பிடிபடும் பெண் நரி கருவுற்றிருக்கக் கூடும். அச்சமும், கூச்சலும், நெடுநேரம் கட்டிவைப்பதும் எந்தக் காட்டு விலங்குக்கும் ஊறு செய்யக்கூடியவை. மிகுந்த அச்சத்தோடு நீண்ட நேரம் போராடும் விலங்குகளில் தசைச் சிதைவு ஏற்பட்டு, விடுவித்த சில நாட்களுக்குப் பின்னரும் இறப்பு நேரலாம். விடுவிக்கும் பொழுதில் நரி ஓடிவிட்டது என்பதைக் கொண்டு அது பிழைத்தது என்று முடிவு செய்ய இயலாது. அடையாளம் இல்லாத நரி மீண்டும் கண்ணில் பட்டாலும் அது அதே நரி தானா என்று கூற வழியில்லை.

பிடிக்கும் முறை

ஆய்வுக்காக நரிகளைப் பிடிப்போர் வலைகள், கம்பிக்கூண்டுகள், காலைக் காயப்படுத்தாதபடி இரப்பர் பொதியப்பட்ட பொறிகள் ஆகியவற்றைப் பயன்படுத்துகின்றனர். நரி நெடுநேரம் சிக்கிக் கிடக்காதவாறு பொறிகள் அடிக்கடி பார்வையிடப்படும். கடும் வெயிலில் பிடிப்பது தவிர்க்கப்படும்.

பிடிபட்ட நரியின் கண்கள் துணியால் மூடப்படும். இதனால் அதன் அச்சம் குறையும். தேவைப்பட்டால் மயக்க மருந்து செலுத்தப்படும். இந்தியக் குள்ளநரிகளுக்கு சைலசீன், கெட்டமைன் ஆகிய இரண்டும் கலந்து பயன்படுத்தப்பட்டுள்ளன. பின்னர் எடை, பால், பல் தேய்மானம் முதலியன குறிக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்குக் குருதி எடுக்கப்படும். வெறிநாய்க்கடி நோய் நரிகளுக்கும் வரும் என்பதால் கையாளுவோர் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளுதல் இன்றியமையாதது. மயக்கம் முழுதும் தெளிந்த பின்னரே நரி விடுவிக்கப்படும்.

அடையாள வகைகள்

நுண்சில்லு

நுண்சில்லு என்பது அரிசி மணி அளவிலான, உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யாத கண்ணாடிக் குழலுள் அடைக்கப்பட்ட மின்சுற்று ஆகும். பொதுவாக 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. தடித்த ஊசி மூலம் இரு தோள்பட்டைகளுக்கும் இடையே தோலின் கீழ் செலுத்தப்படும்.

இதற்கு மின்கலம் இல்லை. படிப்பான் கருவியை அருகில் கொண்டு செல்லும்போது, அதன் காந்தப்புலத்திலிருந்தே ஆற்றலைப் பெற்றுத் தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். ஐ.எஸ்.ஓ 11784, 11785 ஆகிய தரங்களின்படி 134.2 கிலோ ஹெர்ட்ஸ் அலைவெண் பயன்படுகிறது. எண் 15 இலக்கங்கள் கொண்டது. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும். எஞ்சிய 12 இலக்கங்கள் 38 பிட்களில் எழுதப்படுகின்றன. இதனால் ஒவ்வொரு மூன்றிலக்க முன்னெண்ணின் கீழும் சுமார் 27,488 கோடி வெவ்வேறு எண்களை வழங்க இயலும்.

நுண்சில்லு விலங்கு இருக்கும் இடத்தைக் காட்டும் என்பது பரவலான தவறான கருத்து. சில அங்குல தூரத்தில் படிப்பானை வைத்தால் மட்டுமே எண்ணைப் படிக்க முடியும். ஆகவே நரி மீண்டும் பிடிபட்டாலோ, அதன் உடல் கிடைத்தாலோ தான் இதனால் பயன் உண்டு. எளிதில் கழன்று விழாமையும், வாழ்நாள் முழுவதும் நிலைப்பதும் இதன் சிறப்புகள்.

காது வில்லை

கால்நடைகளுக்குப் பொருத்தப்படும் காது வில்லையைப் போன்றதே இது, அளவில் சிறியது. நிறத்தைக் கொண்டு தொலைவிலிருந்தே நரியை அடையாளம் காணலாம். ஆனால் முட்புதரில் சிக்கிக் கிழிந்து போகக்கூடும்.

வானொலிக் கழுத்துப்பட்டை

இது விட்டுவிட்டு வானொலித் துடிப்புகளை அனுப்பும். ஆய்வாளர் கையில் ஏந்திய அலைவாங்கியைக் கொண்டு திசையறிந்து நரியின் இடத்தைக் கண்டறிவார். ஜி.பி.எஸ் பொருத்திய பட்டைகள் இடத்தைத் தாமே பதிவு செய்கின்றன. நரி நெடுநேரம் அசையாதிருந்தால் துடிப்பின் வேகம் மாறுமாறு பட்டையை அமைக்கலாம். இதனால் நரி இறந்ததை விரைவில் அறிந்து, உடலைக் கண்டெடுத்து, காரணத்தை ஆராய முடிகிறது.

பட்டையின் எடை விலங்கின் எடையில் 5 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என்பது பழைய விதி. 3 விழுக்காடு என்ற கடுமையான வரம்பையும் பலர் பின்பற்றுகின்றனர். 2.5 கிலோ குள்ளநரிக்கு இவ்வரம்புகள் முறையே 125 கிராம், 75 கிராம் ஆகும். வளரும் குட்டிகளுக்குப் பட்டை அணிவித்தல் ஆகாது.

எண்ணிக்கையைக் கணக்கிடல்

ஒரு பகுதியிலுள்ள நரிகள் அனைத்தையும் எண்ணுவது அரிது. எனவே பிடித்து மீண்டும் பிடித்தல் எனும் முறை கையாளப்படுகிறது. இதன் எளிய வடிவம் லிங்கன்–பீட்டர்சன் முறை எனப்படும்.

மொத்த எண்ணிக்கை = (முதல் முறை அடையாளமிட்டவை × இரண்டாம் முறை பிடிபட்டவை) ÷ இரண்டாம் முறை பிடிபட்டவற்றுள் அடையாளம் உடையவை

எடுத்துக்காட்டாக, முதலில் 20 நரிகளுக்கு அடையாளமிட்டு விடுவதாகக் கொள்வோம். மறுமுறை பிடிபட்ட 25 நரிகளில் 10 நரிகளுக்கு அடையாளம் இருப்பின், மொத்த எண்ணிக்கை (20 × 25) ÷ 10 = 50 ஆகும்.

இடைக்காலத்தில் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி இல்லை. அடையாளம் கழன்று விழவில்லை. எல்லா நரிகளுக்கும் பிடிபடும் வாய்ப்பு ஒன்றே என்பன இக்கணக்கின் அடிப்படைகள். மேலே கூறிய எடுத்துக்காட்டில், இரண்டாம் முறை பிடிபட்ட 10 நரிகளில் ஐந்தின் காது வில்லைகள் கழன்றிருந்தால், விடை 100 என இருமடங்காகிவிடும். ஒரே நரிக்குக் காது வில்லையும் நுண்சில்லும் சேர்த்து இடப்படுவதற்கு இது ஒரு காரணம்.

ஆய்வு எடுத்துக்காட்டுகள்

நன்னஜ், மகாராட்டிரம்

சோலாப்பூர் மாவட்டத்தின் நன்னஜ் பகுதியில் உள்ள கானமயில் காப்பகத்தில் அபி தமீம் வனக் என்னும் ஆய்வாளர் 2000களில் குள்ளநரிகளுக்கு வானொலிக் கழுத்துப்பட்டை அணிவித்து ஆய்ந்தார். நரிகள் பயிர்நிலத்தை விடப் புல்வெளியையும் தரிசையும் மிகுதியாக நாடின. நாய்கள் நடமாடும் இடங்களை அவை தவிர்த்தன. நாய் அருகில் இருக்கும்போது உணவு தேடுவதைக் குறைத்துக்கொண்டன. அப்பகுதி நாய்களையும் நரிகளையும் பிடித்துச் செய்த குருதிச் சோதனைகள், நாய்களைத் தாக்கும் நச்சுயிரிகளுக்கு நரிகளும் ஆட்படுவதைக் காட்டின. தரிசு நிலம் வீணான நிலம் அன்று, அது குள்ளநரியின் வாழிடம் என்பதற்கு இவ்வாய்வுகள் சான்றாயின.

கலிபோர்னியாத் தீவுகள்

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் உள்ள சானல் தீவுகளில் வாழும் தீவு நரி, குள்ளநரியை விடச் சிறியது. 1990களில் பொன்னிறக் கழுகுகள் வேட்டையாடியதால் வடக்குத் தீவுகளில் இதன் தொகை சரிந்தது. சான் மிகுவெல், சாண்டா ரோசா ஆகிய தீவுகளில் தீவுக்குச் சுமார் 15 நரிகளே எஞ்சின. சாண்டா கேட்டலினா தீவில் 1999ஆம் ஆண்டளவில் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய் பரவி, சுமார் 1,300 ஆக இருந்த நரிகள் ஏறத்தாழ நூறாகக் குறைந்தன.

எஞ்சியவை பிடிக்கப்பட்டுக் காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்யப்பட்டன. கழுகுகள் பிடித்து அகற்றப்பட்டன. நரிகளுக்கு நுண்சில்லும் தடுப்பூசியும் இடப்பட்டன. சிலவற்றுக்குக் கழுத்துப்பட்டையும் அணிவிக்கப்பட்டது. 2004இல் அழியும் நிலையிலுள்ளவை என அறிவிக்கப்பட்ட நான்கு துணையினங்களுள் மூன்று 2016இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நான்காவதான கேட்டலினா நரியின் நிலை ஒரு படி குறைத்து வகைப்படுத்தப்பட்டது.

சட்டம்

இந்தியாவில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 குள்ளநரிக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. இச்சட்டத்தில் வேட்டை என்பது கொல்லுதலை மட்டும் குறிப்பதன்று. பிடித்தல், கண்ணி வைத்தல், பொறியில் சிக்கவைத்தல், அவற்றுக்கு முயலுதல் ஆகியனவும் அதில் அடங்கும். ஆகவே உயிருடன் விட்டுவிடும் எண்ணத்தோடு நரியைப் பிடிப்பதும் வேட்டையாகவே கொள்ளப்படும்.

கல்வி, அறிவியல் ஆய்வு, அறிவியல் முறையிலான மேலாண்மை ஆகியவற்றுக்காகப் பிடிக்க 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. இதற்குத் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் எழுத்து வடிவ இசைவும், அரசின் முன்னனுமதியும் வேண்டும். நுண்சில்லு இடும் ஆய்வாளரும் இவ்விதிக்கு உட்பட்டவரே.

வழக்கமும் ஆய்வும்

- வங்காநரி சல்லிக்கட்டில் நரி மக்கள் காண்பதற்காகப் பிடிக்கப்படுகிறது. ஆய்வில் நரியைப் பற்றி அறிவதற்காகப் பிடிக்கப்படுகிறது.
- முன்னதில் காலம் பொங்கலால் முடிவாகிறது. பின்னதில் குட்டி ஈனும் காலத்தைத் தவிர்த்துக் காலத்தைத் தேர்ந்துகொள்ள இயலும்.
- முன்னதில் நரியை விட்டவுடன் நிகழ்வு நிறைவுறுகிறது. பின்னதில் ஆய்வு அப்போதுதான் தொடங்குகிறது.

இரண்டிலும் நரிக்குத் துன்பம் உண்டு. அடையாளமிடுதலும் அச்சம் தருவதே. அத்துன்பத்துக்கு ஈடாக, அந்நரிகள் வாழ்கின்றனவா, எதனால் இறக்கின்றன, எந்த நிலம் அவற்றுக்குத் தேவை என்ற வினாக்களுக்கு விடை கிடைக்கிறது. பிடிக்காமலே அறியும் வழிகளும் உள்ளன. தானியங்கி ஒளிப்படக் கருவிகள், எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்தறிதல் ஆகியவை அவற்றுள் சில. இவற்றால் விடை காண முடியாத வினாக்களுக்கு மட்டுமே நரியைப் பிடிப்பது நெறியாகக் கொள்ளப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

- குள்ளநரி
- ஏறுதழுவல்
- வாழப்பாடி
- பனமரத்துப்பட்டி
- வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972