மழலையை எழுதி வைத்தவர்கள்

சிறு குழந்தை வீட்டில் பேசும் வேடிக்கைப் பேச்சைத் திருத்தாமல், அது சொன்னபடியே எழுதி வைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தென்படுகிறது. பிரான்ஸ் மன்னர் நான்காம் ஆன்ரிக்கு 1601 செப்டம்பரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பின்னாளில் பதின்மூன்றாம் லூயி என்று பட்டத்துக்கு வந்தவர் அவர்தான். குழந்தையின் உடல்நலத்தைக் கவனிக்க அமர்த்தப்பட்ட மருத்துவர் ழான் எரோவார், பிறந்த நாள் தொட்டு ஒரு நாட்குறிப்பு எழுதினார். 1628இல் இறக்கும் வரை அதை விடவில்லை. எப்போது விழித்தான், என்ன தின்றான், எவ்வளவு தின்றான் என்று மருத்துவருக்கு வேண்டிய செய்திகளே அதில் மிகுதி. ஆனால் இளவரசன் பேசத் தொடங்கியதும் அவனுடைய பேச்சும் குறிப்புக்குள் புகுந்துவிட்டது. தன்னை வளர்க்கும் பொறுப்பில் இருந்த மோன்க்ளா சீமாட்டியை அவன் ‘மமங்கா’ என்று கூப்பிட்டான். எரோவாரும் அப்படியே எழுதினார். விழுங்கிய எழுத்து, திக்கிய இடம், கொச்சை எதையும் அவர் சீர்செய்யவில்லை. மருந்தும் உணவும் எழுதப் புறப்பட்டவரின் இந்தப் பிடிவாதம் பிற்காலத்துக்குப் பெரிய கொடையாக அமைந்தது. அந்தக் காலத்து பிரெஞ்சு மக்கள் வாய்ப்பேச்சில் எப்படி ஒலித்தார்கள் என்று அறிய விரும்பும் மொழியறிஞர்கள் இன்றும் அந்தக் குறிப்பைத் தேடிப் போகிறார்கள். புத்தகங்களில் அகப்படாத உச்சரிப்பு ஒரு குழந்தையின் கொஞ்சலில் பிழைத்துக் கிடக்கிறது.

அரண்மனையில் தொடங்கிய வேலை சாதாரண வீட்டுக்கு வர இன்னொரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் டீட்ரிஷ் டீடமான், 1781இல் பிறந்த தம் மகனை ஏறத்தாழ இரண்டரை வயது வரை கவனித்து எழுதி, 1787இல் வெளியிட்டார். ஒரு குழந்தையின் மனவளர்ச்சியை நாள்வாரியாகத் தொடர்ந்த முதல் அச்சுக் குறிப்புகளில் அது ஒன்று. குழந்தை எப்போது எதைப் புரிந்துகொண்டது என்பதில்தான் அவருக்கு அக்கறை. வீட்டுச் சிரிப்பு அதில் அதிகம் கேட்காது.

சிரிப்பும் ஆராய்ச்சியும் ஒரே ஏட்டில் சேர்ந்தது சார்லஸ் டார்வின் வீட்டில். அவருடைய மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பர் 27 அன்று லண்டனில் பிறந்தான். வீட்டில் அவனுக்கு டாடி என்று செல்லப்பெயர். தும்மியது, கண் சிமிட்டியது, பயந்தது, கோபித்தது என்று டார்வின் முதல் வாரத்திலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தார். அடுத்தடுத்த குழந்தைகளும் அந்த நோட்டில் இடம்பெற்றார்கள். மனைவி எம்மாவின் கையெழுத்தும் அதில் இருக்கிறது. ஆனால் அது பல பத்தாண்டுகள் வீட்டிலேயே கிடந்தது. பிரெஞ்சு அறிஞர் இப்போலித் தேன் ஒரு சிறுமியின் பேச்சைப் பற்றி எழுதிய கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1877இல் ‘மைண்ட்’ என்ற இதழில் வந்தது. அதைப் படித்த பிறகுதான் டார்வின் முப்பத்தேழு ஆண்டுப் பழைய குறிப்பைத் தேடி எடுத்து, அதே ஆண்டு அதே இதழுக்கு ஒரு கட்டுரையாக்கிக் கொடுத்தார்.

அந்தக் கட்டுரையில் வரும் டாடி, சரியாக ஒரு வயதில் உணவுக்குத் தானே ஒரு சொல் உண்டாக்கிக்கொண்டான்: ‘மம்’. தமிழ் வீடுகளின் ‘மம்மு’வுக்கு அது எவ்வளவு பக்கம்! பசித்தபோது கேள்வி கேட்பதுபோலக் குரலை உயர்த்தி அதைச் சொன்னான். பிறகு சர்க்கரைக்கு ‘ஷு-மம்’ என்றான். ‘கறுப்பு’ என்ற சொல் வாய்க்கு வந்ததும், கறுப்பாக இருக்கும் அதிமதுர மிட்டாய்க்குக் கறுப்பு ஷு-மம் என்று பெயர் வைத்தான். உணவு, இனிப்பு உணவு, கறுப்பு இனிப்பு உணவு என்று ஒன்றின் மேல் ஒன்றாகச் சொல் கட்டும் முறை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல.

இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆனபோது, தன் கையில் இருந்த கடைசித் துண்டு இஞ்சி ரொட்டியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, டாடி எவ்வளவு நல்லவன் என்று தன்னைத் தானே உரக்கப் பாராட்டிக்கொண்டான். நல்லவன் அப்படியே நீடிக்கவில்லை. இரண்டரை வயது தாண்டியதும் ஒருநாள் சாப்பாட்டு அறையிலிருந்து கண் பளபளக்க, ஒரு மாதிரியான நடையோடு வெளியே வந்தான். சர்க்கரைப் பொடியை எடுத்துத் தின்றிருந்தான். இரண்டு வாரம் கழித்து அதே அறையிலிருந்து, சுருட்டிப் பிடித்த மேலங்கியோடு வந்தான். உள்ளே என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான். அப்பாவைப் போகச் சொல்லித் திரும்பத் திரும்ப விரட்டினான். பிரித்துப் பார்த்தால் ஊறுகாய்ச் சாற்றுக் கறை. திட்டமிட்ட ஏமாற்று என்று டார்வின் அதைப் பதிவு செய்தார். அந்தப் பதிவில் கண்டிப்பைவிட வியப்பே தூக்கலாகத் தெரிகிறது.

அந்த வீட்டின் காற்றை அறிய இன்னொரு செய்தி உதவும். டார்வின் மறைவுக்குப் பின் மகன் ஃபிரான்சிஸ் 1887இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் அது வருகிறது. சோபாவின் கம்பிச்சுருள் கெட்டுவிடும் என்பதால் அதன்மேல் குதிக்கக் கூடாது என்பது வீட்டு விதி. சிறுவன் லியனார்ட் ஒருநாள் அதன்மேல் ஆடிக்கொண்டிருந்தான். உள்ளே வந்த அப்பா, இது விதிக்கு விரோதம் ஆயிற்றே என்றார். அப்படியானால் நீங்கள் அறையை விட்டு வெளியே போவதுதான் நல்லது என்றான் மகன். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் தகப்பனிடம் இப்படிப் பேசிவிட்டுத் தப்ப முடிந்த வீடுகள் குறைவு. குழந்தையின் பேச்சு ஏட்டில் ஏற வேண்டுமானால் முதலில் அது வீட்டில் பயமில்லாமல் வெளியே வர வேண்டும்.

அடுத்த சில பத்தாண்டுகளில் இது ஒரு துறையாகவே ஆகிவிட்டது. யேனா நகர உடலியல் பேராசிரியர் வில்ஹெல்ம் பிரேயர், தம் மகனை முதல் மூன்று ஆண்டுகளும் நாளைக்கு மூன்று வேளையாவது கவனித்துக் குறித்து, 1882இல் ‘குழந்தையின் ஆன்மா’ என்ற நூலாக்கினார். அதைவிடப் பெரிய முயற்சி, அன்று பிரெஸ்லாவ் என்றும் இன்று விரோத்சுவாஃப் என்றும் வழங்கும் நகரில் நடந்தது. கிளாரா ஷ்டெர்ன், வில்லியம் ஷ்டெர்ன் தம்பதிக்கு மூன்று பிள்ளைகள்: ஹில்டே, குந்தர், ஏவா. 1900இல் ஹில்டே பிறந்தது முதல் 1918 வரை மூவருக்கும் தனித்தனி நாட்குறிப்பு வளர்ந்தது. இதில் பேனா பெரும்பாலும் கிளாராவின் கையில் இருந்தது. பிள்ளைகளோடு நாள் முழுக்க இருந்தவர் அவர். எந்தச் சொல் நேற்று இல்லாமல் இன்று புதிதாக முளைத்தது என்பது அவருக்குத்தான் தெரியும். 1907இல் வந்த ‘குழந்தை மொழி’ நூலில் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனாலும் உளவியல் வரலாற்றில் கணவர் பெயர் நிலைத்த அளவுக்கு மனைவி பெயர் நிலைக்கவில்லை. இது அநியாயம். கிளாராவின் பக்கங்கள் இல்லையென்றால் அந்த நூலே இல்லை.

1909இல் இருவரும் வெளியிட்ட அடுத்த நூல், சிறு பிள்ளைகளின் நினைவையும் பொய்யையும் பற்றியது. டாடியின் ஊறுகாய்க் கறையில் டார்வின் விட்ட இடத்தை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிறு பிள்ளை சொல்லும் நடக்காத செய்தியில் பெரும்பகுதி பொய்யே அல்ல, பொய்போலத் தோன்றுவது மட்டுமே என்பது அவர்கள் கண்ட முடிவு. கற்பனையும் விளையாட்டும் ஆசையும் கலந்து வருவதைப் பெரியவர்கள் ஏமாற்று என்று தண்டிக்கிறார்கள். ஐரோப்பியப் பள்ளிகளில் பிரம்பு கோலோச்சிய காலத்தில் எழுதப்பட்ட வாதம் அது. நடுப்பிள்ளை குந்தர், பிற்காலத்தில் குந்தர் ஆண்டர்ஸ் என்ற பெயரில் தத்துவ எழுத்தாளராக அறியப்பட்டார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்களான ஷ்டெர்ன் குடும்பத்தினர் ஜெர்மனியை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வில்லியம் 1938இல் அமெரிக்காவில் இறந்தார்.

இந்த வழக்கத்தை அறிஞர் வீடுகளிலிருந்து எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோனவர் ரஷ்யக் கவிஞர் கர்னேய் சுக்கோவ்ஸ்கி. குழந்தைகளுக்கு அவர் எழுதிய கதைப்பாடல்கள் ஏற்கெனவே நாடெங்கும் பரவியிருந்தன. 1928இல் ‘சின்னக் குழந்தைகள்’ என்று ஒரு நூல் வெளியிட்டார். 1933இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அதன் பெயர் ‘இரண்டு முதல் ஐந்து வரை’. பெற்றோர்களும் பாட்டிகளும் தங்கள் வீட்டுக் குழந்தை சொன்னதை அவருக்குக் கடிதமாக எழுதி அனுப்ப, பதிப்புக்குப் பதிப்பு நூல் பருத்தது. 1969இல் அவர் இறக்கும் வரை இது நிற்கவில்லை. ஒரு நாட்டின் வீட்டுப் பேச்சு முழுவதும் தபாலில் ஒருவரிடம் வந்து சேர்ந்த அதிசயம் அது.

அந்நூலில் வரும் குழந்தைகளுக்கு வழுக்கைத் தலை, செருப்பில்லாத தலை. புதினா மிட்டாய் தின்றால் வாய்க்குள் காற்று வீசுகிறது. செர்ரிப் பழத்துக்குள் கொட்டையை எதற்கு வைக்கிறார்கள், எப்படியும் துப்பத்தானே போகிறோம் என்று ஒரு குழந்தைக்குச் சந்தேகம். அம்மாவும் தானும் இருப்பதில் முதலில் பிறந்தது யார் என்று இன்னொன்றுக்கு. ஒரு குழந்தை பாட்டியிடம் விசாரிக்கிறது: நீ செத்துப் போவாயா, உன்னைக் குழிக்குள் புதைப்பார்களா, குழி ஆழமாக இருக்குமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று பாட்டி சொன்னதும் குழந்தைக்கு மகிழ்ச்சி தாளவில்லை. அப்போது உன் தையல் இயந்திரத்தை நான் சுற்றலாம் என்றது.

இவற்றைத் துணுக்குகளாக அடுக்கிவிட்டுப் போயிருந்தால் சுக்கோவ்ஸ்கிக்கு இந்த வரலாற்றில் இத்தனை பெரிய இடம் இருக்காது. குழந்தை பேச்சைக் கிளிப்பிள்ளைபோலத் திருப்பிச் சொல்வதில்லை, விதியைக் கண்டுபிடித்துச் சொல் வார்க்கிறது என்று அவர் வாதாடினார். இரண்டு வயதில் ஒவ்வொரு குழந்தையும் சிறிது காலத்துக்கு மொழி மேதை ஆகிறது, பிறகு அந்த மேதைமை மங்கிவிடுகிறது என்பது அவர் எண்ணம். அவருடைய மகள் இரண்டு வயது நிரம்பும் முன் ஒருநாள், குறும்பும் கூச்சமும் கலந்த முகத்தோடு வந்து, நாய் மியாவ் என்கிறது என்று அறிவித்துவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். முதலில் அவர் திருத்தத்தான் பார்த்தார். பிறகு சேவலையும் இழுத்துக்கொண்டு அவரும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார். நாய் எப்படிக் குரைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் குழந்தைக்கு அதைத் தலைகீழாக்கத் தோன்றும் என்று அவர் விளக்கினார். குழந்தையின் முதல் நகைச்சுவை அறியாமையிலிருந்து வருவதல்ல, அறிவின் கொண்டாட்டம். சோவியத் கல்வியதிகாரிகளுக்கு இது எளிதில் செரிக்கவில்லை. லெனினின் மனைவி குருப்ஸ்காயா 1928இல் ‘பிராவ்தா’ நாளிதழில் அவருடைய ‘முதலை’ கதைப்பாடலைக் கண்டித்து எழுதினார். அர்த்தமற்ற கற்பனை பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற குற்றச்சாட்டுக்கு, பிள்ளைகளின் சொந்தப் பேச்சையே சாட்சியாக நிறுத்தினார் சுக்கோவ்ஸ்கி. நாயை மியாவ் என்று சொல்லவைத்த அந்த மகள் மூரா, காசநோயால் 1931இல் பதினோரு வயதில் இறந்துபோனாள்.

அமெரிக்காவில் இதே விருப்பம் வானொலி வழியே சென்றது. ஆர்ட் லிங்க்லெட்டர் நடத்திய ‘ஹவுஸ் பார்ட்டி’ 1945இல் வானொலியில் தொடங்கி, 1952 முதல் 1969 வரை தொலைக்காட்சியிலும் வந்தது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து அவர் கேள்வி கேட்கும் பகுதிதான் அதன் உயிர். முதல்நாள் பள்ளி முடிந்து வந்த தம் மகனிடம் அவர் பேசிய பேச்சே இதற்கு வித்து என்பார்கள். இனிமேல் போக மாட்டேன், எனக்குப் படிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது, பேசவும் விட மாட்டேன் என்கிறார்கள் என்றானாம் பையன். பிள்ளைகளின் பதில்களைத் தொகுத்து 1957இல் அவர் வெளியிட்ட நூல் மிகப் பெரிய விற்பனை கண்டது. ஆனால் மேடையில் உட்கார்ந்த பிள்ளைக்கு எதிரே சிரிக்கக் காத்திருக்கும் கூட்டம் இருக்கிறது. வீட்டில் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசிய பேச்சும் இதுவும் ஒன்றாகா.

நாட்குறிப்புகளுக்கும் ஒரு குறை உண்டு. வேடிக்கையாகப் பட்டதைத்தான் பெற்றோர் எழுதுவார்கள். சாதாரணமாகச் சொன்னது விட்டுப்போகும். ஒலிப்பதிவுக் கருவி அந்தக் குறையைத் தீர்த்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ராஜர் பிரௌன் 1962இல் ஆதம், ஈவ், சாரா என்று பெயர் மாற்றி அழைக்கப்பட்ட மூன்று குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கினார். அதில் தெரியவந்த உண்மைகளுள் ஒன்று வீட்டாருக்கே புதிது. ஈவ் தன் தாயைச் சுட்டி ‘அவன் பெண்’ என்ற பொருளில் பேசியபோது தாய் சரிதான் என்று ஏற்றுக்கொண்டார். வால்ட் டிஸ்னி நிகழ்ச்சி செவ்வாய்க்கிழமை வரும் என்று இலக்கணச் சுத்தமாக ஒரு குழந்தை சொன்னபோதோ இல்லை என்று மறுப்பு வந்தது. அந்த நிகழ்ச்சிக்குக் கிழமை வேறு. தாங்கள் பிள்ளையின் பேச்சைத் திருத்துவதாகப் பெற்றோர் நினைக்கிறார்கள். அவர்கள் திருத்துவது பெரும்பாலும் செய்தியைத்தான், இலக்கணத்தை அல்ல.

தமிழில் மழலைக்குப் பெருமை பழையது. திருவள்ளுவர் குழலுக்கும் யாழுக்கும் மேலாக அதை வைத்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மேல் பாடிய பிள்ளைத்தமிழ் தொடங்கி, குழந்தைக்கென்றே பத்துப் பருவம் வகுத்த ஒரு சிற்றிலக்கியம் வளர்ந்தது. ஆனால் அங்கே பேசுகிறவர் பாடும் புலவர்தான். செங்கீரை ஆடச் சொல்வதும், முத்தம் கேட்பதும், நிலவை அழைப்பதும் பெரியவர் குரல்; குழந்தை என்ன பதில் சொல்லிற்று என்று அந்தப் பாட்டுகளிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

அந்தப் பதிலைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்த பணியில் முன்னே நிற்பவர் கணினித் துறையிலிருந்து வந்தவர். பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிலையத்தில் உருவாகி 1960இல் இயக்கத்துக்கு வந்த டிஃப்ராக் கணினியை வடிவமைத்த குழுவின் தலைவர் ஆர். நரசிம்மன். இயந்திரத்துக்கு மொழி எப்படி வரும் என்ற கேள்வி, குழந்தைக்கு அது எப்படி வருகிறது என்ற கேள்விக்கு அவரை இட்டுச் சென்றது. அவரும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தைக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் இடையே நடந்த பேச்சை, குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனது முதல் முப்பத்து மூன்று மாதம் வரை தொடர்ந்து சேகரித்தார்கள். உலகக் குழந்தைகளின் பேச்சைத் திரட்டிப் பொதுவில் வைக்க பிரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்நோவும் 1984இல் தொடங்கிய ‘சைல்ட்ஸ்’ என்ற தொகுப்பில், ஈவ், ஆதம், சாரா ஆகியோரின் உரையாடல்களோடு இந்தத் தமிழ் வீட்டின் பேச்சும் சேர்க்கப்பட்டிருக்கிறது.