எரித்தால் காசு: பழைய பிரிட்ஜ் கேஸின் கதை

கொஞ்சம் நீளமான இழை இது. டீ ஆறுவதற்குள் முடியாது. பொறுமையா படிங்க.

13.6 கிலோ கேஸ் உள்ள ஒரு சிலிண்டரை நினைச்சுக்கோங்க. நம்ம வீட்டு சமையல் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அதைவிடக் கொஞ்சம் குறைவு.

அந்த சிலிண்டரில் இருப்பது ஆர்-12 என்றால், அதைத் திறந்து காற்றில் விடுவது 148 டன் கார்பன் டைஆக்சைடு விடுவதற்குச் சமம். ஒரு இந்தியர் ஓர் ஆண்டில் சராசரியாக வெளியிடுவது சுமார் 2 டன். அதாவது எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்களின் ஒரு வருடக் கணக்கு ஒரே சிலிண்டரில்.

அதே சிலிண்டரை முறைப்படி உலையில் எரித்து, எரித்ததற்குச் சான்று வாங்கினால் அமெரிக்காவில் 148 டன்னுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு கார்பன் கிரெடிட் கிடைக்கும். ஒரு டன் குறைத்தால் ஒரு கிரெடிட். டன்னுக்கு 10 டாலர்னு வெச்சுக்கிட்டாலும் கணக்கு எங்கே போகுதுனு பாருங்க.

இதுக்கு ஏன் காசு கொடுக்கணும்? "விடாதே"னு சட்டம் போட்டா போதாதா? இதைப் புரிஞ்சுக்க நூறு வருஷம் பின்னாடி போகணும். வாங்க.

1920களில் பிரிட்ஜுக்குள் ஓடியது அமோனியா, சல்ஃபர் டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு. மூன்றுமே விஷம். குழாய் கசிந்தால் தூக்கத்திலேயே குடும்பம் போய்விடும். பெர்லினில் அப்படி ஒரு குடும்பம் இறந்த செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டீனும் லியோ சில்லார்டும் சேர்ந்து கசியாத பிரிட்ஜ் ஒன்றை வடிவமைத்துக் காப்புரிமை வாங்கினார்கள். ஆமாம், அதே ஐன்ஸ்டீன்தான்.

அது சந்தைக்கு வரவில்லை. வந்தது தாமஸ் மிட்ஜ்லி குழுவின் கேஸ். 1928-ல் கண்டுபிடித்து, 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் அந்த கேஸை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார் மிட்ஜ்லி. விஷமில்லை, தீப்பிடிக்காது. இரண்டையும் ஒரே மூச்சில் நிரூபித்துவிட்டார்! ஃப்ரியான் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. இதுதான் ஆர்-12, சிஎஃப்சி குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று.

(பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையும் இவருடையதே. ஈயத்தால் குழந்தைகளுக்கு என்ன ஆச்சுங்கிறதுக்கு தனி இழையே எழுதலாம்.)

ஒரு டாக்டரா சொல்றேன், சிஎஃப்சியை வில்லனா மட்டும் பார்க்க முடியாது. அது வந்த பிறகுதான் வீட்டுக்குள் பயமில்லாமல் பிரிட்ஜ் வைக்க முடிந்தது. 1956-ல் வந்த முதல் அழுத்து இன்ஹேலரில், மருந்தை நுரையீரலுக்குத் தள்ளியது இந்தக் குடும்பத்து கேஸ்தான். இந்தியா 2008 ஆகஸ்ட் 1 முதல் சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்தியபோதும், இன்ஹேலருக்கு மட்டும் விலக்கு வெச்சிருந்தாங்க. மூச்சுத் திணறி வர்றவங்களைத் தினம் பார்க்கிற எனக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை.

சரி, எங்கே சிக்கல்? எதனோடும் வினை புரியாது என்பதே அதன் பெருமை. அதனாலேயே அழியாது. ஆர்-12 காற்றில் சுமார் நூறு வருடம் இருக்கும். மெல்ல மெல்ல மேலே போகும். அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடையும்போது குளோரின் கழன்று ஓசோனைத் தின்ன ஆரம்பிக்கும். ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறு வரை அழிக்கும். மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைத்தான். 1995-ல் நோபல் கிடைத்தது. ஓசோன் குறைந்தால் தோல் புற்றுநோய், கண்புரை என்பதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே படிச்சிருப்பீங்க.

பள்ளிப் பாடத்தில் அதிகம் வராதவர் ஒருத்தர் இருக்கார். வீரபத்ரன் ராமநாதன்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். படிப்பு முடிந்து செகந்திராபாத்தில் பிரிட்ஜ் சம்பந்தப்பட்ட ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? பிரிட்ஜிலிருந்து கேஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிந்து போகிறது என்று கண்டுபிடிப்பது!

பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், அப்புறம் அமெரிக்கா. வெள்ளி கிரகத்தின் காற்று மண்டலம் போன்ற விஷயங்களை ஆராயும் கூட்டத்துக்குள் போனவர், மொலினா - ரோலண்ட் கட்டுரையைப் பார்த்ததும் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி நின்றிருப்பார் போல. எல்லாரும் ஓசோனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் வேறு கேள்வி கேட்டார். இந்த கேஸ் வெப்பத்தைப் பிடித்து வைக்குமா?

பூமி விடும் வெப்பக் கதிரில் ஒரு பகுதி, காற்றில் உள்ள நீராவியிலும் கார்பன் டைஆக்சைடிலும் அதிகம் மாட்டாமல் நேராக வெளியே போய்விடும். வீட்டில் ஜன்னல் திறந்திருக்கும் மாதிரி. சிஎஃப்சி சரியாக அந்த ஜன்னலில் போய் உட்கார்ந்து அடைக்கிறது. ஒரு சிஎஃப்சி மூலக்கூறு சுமார் பத்தாயிரம் கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளின் வேலையைச் செய்யும் என்று கணக்குப் போட்டு 1975-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். அதுவரை புவி வெப்பம் என்றாலே கார்பன் டைஆக்சைடு மட்டும்தான் பேச்சு.

இழையின் தொடக்கத்தில் சொன்ன 148 டன் கணக்குக்கு அடிவேர் இந்தக் கட்டுரைதான்.

1985-ல் அண்டார்டிகா மேல் ஓசோன் ஓட்டை உறுதியானது. 1987 செப்டம்பர் 16 மான்ட்ரியல் ஒப்பந்தம். உலக நாடுகள் அத்தனையும் கையெழுத்திட்ட அபூர்வமான ஒப்பந்தம். பணக்கார நாடுகள் 1996-லும் நம்மைப் போன்ற நாடுகள் 2010-லும் சிஎஃப்சியை நிறுத்தின. ஓசோனைக் காப்பாற்றப் போட்ட ஒப்பந்தம், புவி வெப்பத்தைக் குறைக்கவே போட்ட கியோட்டோ ஒப்பந்தத்தின் முதல் கட்ட இலக்கை விட ஐந்தாறு மடங்கு வெப்ப வாயுவைக் குறைத்தது என்று 2007-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது.

கேட்கவே சந்தோஷமா இருக்கு இல்ல? இப்போ ஓட்டைக்கு வருவோம். வானத்தில் இல்லை, சட்டத்தில்.

மான்ட்ரியல் ஒப்பந்தம் "செய்யாதே, வாங்காதே, விற்காதே" என்றது. ஏற்கெனவே செய்து கோடிக்கணக்கான பிரிட்ஜிலும் காரிலும் குளிர்பதனக் கிடங்கிலும் ஏற்றிவிட்ட கேஸை என்ன செய்யணும்? எரித்தே ஆகணும்னு அது கட்டாயப்படுத்தவில்லை.

1997-ல் வந்த கியோட்டோ ஒப்பந்தம், "மான்ட்ரியல் கவனிக்கிற கேஸ்களை நாங்கள் தொட மாட்டோம்" என்று ஒதுங்கிக்கொண்டது. ரெண்டு துறைக்கும் நடுவில் மாட்டிய நோயாளி மாதிரி. "இது சர்ஜரி கேஸ்", "இல்ல, மெடிசின் கேஸ்"னு ரெண்டு வார்டும் தள்ளிவிட, ஸ்ட்ரெச்சர் வராண்டாவில் நிற்கும் பாருங்க, அந்த நிலைமை.

அமெரிக்காவில் 1992 ஜூலை முதலே கேஸைக் காற்றில் திறந்து விடுவது குற்றம். ஆனால் பழைய சிலிண்டரை வைத்திருப்பது குற்றமில்லை. பழைய காருக்கு நிரப்பலாம். நிரப்பினால் கசியும். கசிந்தால் மறுபடி நிரப்பலாம். புது உற்பத்தி நின்றதால் விலை ஏறி, 1990களில் மியாமியில் கொக்கெய்னுக்கு அடுத்தபடியாகக் கடத்தப்படும் சரக்கு இந்த கேஸ்தான் என்று செய்திகள் வந்தன!

இந்த வராண்டாவுக்குத்தான் கார்பன் சந்தை வந்தது. முதலில் சிகாகோ கிளைமேட் எக்ஸ்சேஞ்ச். பிறகு 2010-ல் கிளைமேட் ஆக்ஷன் ரிசர்வ் என்ற அமைப்பு தெளிவான விதிமுறை எழுதியது. 2011-ல் கலிஃபோர்னியா அரசு தன் கட்டாயக் கார்பன் சந்தையிலேயே இதைச் சேர்த்தது. அதன் பிறகு ஆட்கள் கிளம்பினார்கள். இணையத்தில் விளம்பரம் பார்த்து, மூடிப்போன மெக்கானிக் கடைகளுக்கும் யாரோ ஒருவரின் கார் ஷெட்டுக்கும் போய், தூசி படிந்த சிலிண்டர்களைக் காசு கொடுத்து வாங்கினார்கள். விற்றவர்களில் புவி வெப்பமாதலே பொய் என்று நம்புகிறவர்களும் உண்டு. காசு வந்தால் சரி என்று கொடுத்தார்கள்.

வாங்கியதை எடை போட்டு, ஆய்வகத்தில் மாதிரி பரிசோதித்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் உலையில் விடணும். 99.99 சதவீதம் அழியணும். வெளிவரும் அமிலத்தைச் சுண்ணாம்பு போன்ற காரம் கொண்டு சமன் செய்து உப்பாக்கிவிடுவார்கள். அடுத்த பத்து வருடத்தில் எவ்வளவு கசிந்திருக்கும் என்று கணக்கிட்டு, அதற்குப் பதிலாக வரும் புது கேஸ் கசிவதையும் கழித்து, மிச்சத்துக்குத்தான் கிரெடிட்.

"டாக்டர், கார்பன் கிரெடிட்டே ஏமாத்து வேலைனு சொல்றாங்களே?"

சந்தேகம் நியாயம்தான். அதற்கு நம்ம மேட்டூர் வரை வரும் ஒரு கதை இருக்கு.

ஏசியில் இருக்கும் ஆர்-22 கேஸைத் தயாரிக்கும்போது, கூடவே வேண்டாத பக்கவிளைவாக ஹெச்எஃப்சி-23 என்று ஒன்று வரும். 100 கிலோவுக்கு சுமார் 3 கிலோ. வெப்பம் பிடிப்பதில் கார்பன் டைஆக்சைடைப் போல 11,700 மடங்கு என்று அப்போது கணக்கு வைத்திருந்தார்கள். இது மான்ட்ரியல் பட்டியலில் இல்லாததால் கியோட்டோவுக்குள் வந்தது. வளரும் நாட்டு ஆலைகள் இதை எரித்தால் கிரெடிட், அதை ஐரோப்பியக் கம்பெனிகள் வாங்கிக்கொள்ளும்.

2005-ல் குஜராத் ஆலை ஒன்று பதிவானது. உலகத்திலேயே முதலில் பதிவான சில திட்டங்களில் அது ஒன்று. மொத்தம் 19 ஆலைகள். சீனாவில் 11, இந்தியாவில் 5. மேட்டூர் கெம்ப்ளாஸ்ட் சன்மார் ஆலையும் அதில் ஒன்று. பழைய ஏசி மெக்கானிக் அண்ணன்களைக் கேளுங்க, 'மெட்ரான்' கேஸ் எங்கிருந்து வந்ததுனு சொல்வாங்க.

மைக்கேல் வாரா என்ற ஆய்வாளர் 2007-ல் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கு போட்டார். இந்த ஆலைகளில் எரிக்கும் கருவிகளை வைக்க ஆகும் செலவு 10 கோடி யூரோவுக்கும் குறைவு. கிரெடிட்டுக்காகப் போகும் பணமோ 470 கோடி யூரோ வரை! ஆர்-22 விற்றுக் கிடைக்கும் வருமானத்தைவிட, அதன் கழிவை எரித்துக் கிடைக்கும் வருமானம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

டெங்கு நோயாளியைக் குணப்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு ஆஸ்பத்திரிக்குக் காசுனு வையுங்க. அந்த ஆஸ்பத்திரி மொட்டை மாடியிலேயே கொசு வளரும் தொட்டியும் இருக்கு. தொட்டியை மூடுவாங்களா?

சில ஆலைகள், கிரெடிட் கிடைக்கும் உச்சவரம்பு வரை மட்டும் உற்பத்தி செய்து நிறுத்தியது 2010-ல் வெளிவந்தது. ரஷ்யாவில் சில ஆலைகள் கழிவைக் கூட்டியே உண்டாக்கியது பின்னால் ஓர் ஆய்வில் தெரிந்தது. எல்லா ஆலையும் அப்படினு நான் சொல்லலை. மேட்டூர் மேல் எனக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. விதியே அப்படி எழுதப்பட்டிருந்தது என்பதுதான் விஷயம். 2013 மே முதல் ஐரோப்பா இந்தக் கிரெடிட்டை ஏற்க மறுத்தது. 2016 அக்டோபரில் இந்திய அரசு, சொந்தச் செலவில் எரியுங்கள் என்று ஆலைகளுக்கு உத்தரவிட்டது. அதுக்குக் காசே தேவைப்படலை பாருங்க. ஒரு உத்தரவு போதுமாயிருந்தது.

அப்போ பழைய ஆர்-12-க்கு மட்டும் காசு சரியா? என் கணிப்பில் சரி, ஒரே காரணத்துக்காக. ஹெச்எஃப்சி-23 வருவது நாலு சுவருக்குள், ஒரு புகைபோக்கியில். யாருக்கு உத்தரவு போடணும்னு தெரியும். பழைய சிலிண்டர் லட்சக்கணக்கான ஷெட்டுகளில் சிதறிக் கிடக்கு. எந்த இன்ஸ்பெக்டர் போய்த் தேடுவார்? தவிர, தொட்டி மூடியாச்சு. காசுக்காக இன்னொரு சிலிண்டர் ஆர்-12 தயாரிக்கச் சட்டத்தில் வழியில்லை.

சட்டத்தில் வழியில்லை என்பதால் நடக்காது என்று ஆகிவிடாது. சிஎஃப்சி-11 வெளியீடு மறுபடி கூடுகிறது என்று 2018-ல் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டே அந்தக் கூடுதலில் பெரும்பகுதி கிழக்குச் சீனாவின் ஷான்டோங், ஹெபெய் பக்கம் வருவதாகக் காட்டினார்கள். கலிஃபோர்னியா, தன் நாட்டுக்குள் இருந்த கேஸுக்கு மட்டுமே கிரெடிட் கொடுக்கிறது, வந்த வழியைக் காகிதத்தில் காட்டச் சொல்கிறது. அர்கன்சாஸில் ஓர் எரிப்பு ஆலை சுற்றுச்சூழல் விதியை மீறியதாகத் தெரிந்தபோது, 2014-ல் சுமார் 89 ஆயிரம் கிரெடிட்டை ரத்தும் செய்தது. இத்தனைக்கும் கேஸ் எரிந்தது உண்மை. அந்தக் கறார் எனக்குப் பிடிச்சிருக்கு.

நம்ம ஊருக்கு வருவோம். ஆர்-12 பெரும்பாலும் போயே போச்சு. காயலான் கடைக்குப் போன பிரிட்ஜுகளோடு காற்றில் கலந்தாச்சு. இப்போ வரிசையில் நிற்பது ஆர்-22. 2030-க்குள் இந்தியா அதைக் கைவிடணும். பழைய ஒன்றரை டன் ஏசி ஒன்றில் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு கிலோ ஆர்-22 என்பது 1.8 டன் கார்பன் டைஆக்சைடு.

பழைய ஏசியை எடைக்குப் போடும்போது காயலான் கடைக்காரர் செம்புக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை, கம்ப்ரசருக்கு ஒரு விலை சொல்வார். குழாயை வெட்டும்போது "உஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம் வரும். அதற்கு விலை எதுவும் சொல்ல மாட்டார்.