அரைக்கால் அவுன்ஸ் ஈயம்

மேரிலாந்தின் பொடோமக் நதிக்கரையோரச் சிற்றூர் ஒன்றில் உள்ள தூண்டில் கடையில் சில ஆண்டுகளுக்கு முன் நான் வெகுநேரம் விழித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வருகிறது. சுவர் முழுக்கச் சிறு பொட்டலங்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் உருண்டையான உலோகத்தலை வார்த்த தூண்டில் முட்கள். 1/32, 1/16, 1/8, 3/16, 1/4 என்று அவற்றின்மேல் அவுன்ஸ் கணக்கில் எடை அச்சிட்டிருந்தது. என்னை அழைத்துச் சென்ற நண்பர் வெள்ளைக்காரர், நதியை அறிந்தவர். அவர் எந்தத் தயக்கமுமின்றி இரண்டு பொட்டலங்களை எடுத்துவிட்டார். எனக்கோ அந்தப் பின்னங்களைப் பார்த்ததும் என் பாட்டனார் வாய்ப்பாடாகச் சொல்லும் கீழ்வாய் இலக்கம்தான் ஞாபகம் வந்தது. அரைவீசம், வீசம், அரைக்கால், மூன்று வீசம், கால். பதினாறில் ஒரு பங்குக்குத் தனிப்பெயர் வைத்துக்கொண்ட மொழியில் பிறந்தவனுக்கு அந்தச் சுவர் அவ்வளவு அந்நியமாக இருந்திருக்க வேண்டியதில்லை.

வாசகர்களில் பெரும்பாலோருக்குத் தூண்டில் என்றால் கோல், நரம்பு, தக்கை, முள், மண்புழு, அவ்வளவுதான். ஒரு வீசம் எடை கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அந்த வீசத்துக்குள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பதை நான் பின்னர்தான் வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு பாஸ் என்று பொதுவாக அழைக்கப்படும் இனத்தில் ஸ்மால்மவுத் பாஸ், அதாவது சிறுவாய் பாஸ், ஓடும் நீரையும் கற்பாறைப் படுகையையும் விரும்பும் மீன். 1802-ஆம் ஆண்டு பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபெட் இதற்கு மைக்ரோப்டெரஸ் டொலொமியூ என்று பெயரிட்டார். மைக்ரோப்டெரஸ் என்றால் சிறுதுடுப்பு. அவர் கையில் கிடைத்த மாதிரியின் முதுகுத்துடுப்பு சிதைந்திருந்தது. கிழிந்து தனித்து நின்ற துணுக்கை அவர் அம்மீனின் இயல்பான சிறுதுடுப்பு என்று எண்ணிவிட்டார். ஓர் ஊனம் இனத்தின் பெயராக நிலைத்தது. டொலொமியூ என்பது அவருடைய நண்பரான கனிமவியலாளரின் பெயர். டோலமைட் என்னும் பாறைக்கும் அவர் பெயரே. பாறைகளுக்கிடையில் வாழும் மீனுக்குப் பாறையறிஞர் பெயர் அமைந்தது தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

இம்மீன் பொடோமக்கின் பூர்வகுடி அல்ல. அப்பலேச்சிய மலைத்தொடருக்கு மேற்கே, ஒஹையோ நதித்தொகுதியையும் பேரேரிகளையும் சேர்ந்தது. பால்டிமோர் - ஒஹையோ ரயில் பாதை மலையைக் கடந்து வீலிங் நகரை எட்டியது 1853-இல். மறு ஆண்டே, அதாவது 1854-இல், வீலிங்கைச் சேர்ந்த ஷ்ரைவர் என்பவர் துளையிட்ட வாளியில் சில பாஸ் மீன்களை இட்டு, அவ்வாளியை நீராவி எஞ்சினின் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டு, கம்பர்லண்ட் வரை கொண்டுவந்து பொடோமக் பக்கம் விட்டார். இன்று அந்நதியில் தூண்டில் வீசுகிறவர்களின் மீன்களுக்கு மூதாதையர் ரயிலேறி வந்தவர்கள். ஒரு நதியின் இயற்கை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்னும் கேள்வி இங்கே எழத்தான் செய்கிறது. அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

இந்நதிகள் கோடையில் பெரும்பாலும் முழங்கால் ஆழம், மிஞ்சினால் இடுப்பளவு. படுகை முழுக்கப் பாறைப்படிகள். அவற்றுக்கிடையே நீர்ப்பூண்டுகள். இத்தகைய நீரில் எடை என்பது வெறுமனே இரையை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் பொருள் அன்று. கால் அவுன்ஸ் கட்டினால் விழுந்த கணமே தரை தட்டி, கல்லிடுக்கில் சிக்கிக்கொள்ளும். சிக்காமலிருக்க வேண்டுமென்றால் வேகமாகச் சுற்றியிழுக்க வேண்டும். குளிர்ந்த நீரில் சோம்பியிருக்கும் மீன் அந்த வேகத்தைத் துரத்தாது. வீசம் கட்டினாலோ நீரோட்டம் இரையை மேலே தூக்கி அடித்துச் சென்றுவிடும். காற்று நரம்பை வில்லாக வளைக்கும், இரை எங்கே இருக்கிறது என்பதே கைக்குத் தெரியாது. எப்போதாவது ஒரு கல்லைத் தொட்டு, மறுபடி எழும்பி, ஓட்டத்தின் வேகத்திலேயே வரும் எடை எதுவோ அதுவே சரியான எடை. அது நதிக்கு நதி, நாளுக்கு நாள், ஒரே நாளில் மழைக்கு முன்பும் பின்பும் மாறும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தூண்டிற்காரருக்கு இந்தத் தேர்வே கிடையாது. கெண்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்னும் ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி 1810-களையொட்டி ஒரு ரீலைச் செய்தார். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் நரம்புருளை பலமுறை சுற்றும் பற்சக்கர அமைப்பு. பின்னர் பிராங்க்ஃபர்ட் நகரின் மீக் சகோதரர்கள் அதைச் செம்மைப்படுத்தினார்கள். அவர்களும் கடிகாரக்காரர்களே. சிறுமீனை உயிருடன் முள்ளில் கோத்துத் தொலைவில் எறிவதற்கென்றே உருவான கருவி அது. சின்சினாட்டியிலும் கெண்டக்கியிலும் வாழ்ந்த மருத்துவர் ஜேம்ஸ் ஹென்ஷல் 1881-இல் வெளியிட்ட கறுப்பு பாஸ் நூல் இக்கருவியையும் இம்மீனையும் அமெரிக்கா முழுவதும் கொண்டுசேர்த்தது. டிரவுட் மீனே உயர்குடிக்குரியது, பாஸ் நாட்டுப்புறத்தது என்றிருந்த அன்றைய மதிப்பீட்டை அந்நூல் அசைத்தது. இலக்கிய விமர்சனத்தில் இதற்கிணையான காரியங்களைச் செய்தவர்களை நாம் அறிவோம்.

ஆனால் கடிகாரக்காரர்களின் ரீலுக்கு ஓர் எல்லை இருந்தது. எறியும்போது பறக்கும் இரையே உருளையைச் சுழற்றியாக வேண்டும். நின்றிருக்கும் உருளையை உசுப்ப ஒரு குறைந்தபட்ச எடை தேவை. அரை அவுன்ஸை எளிதாக எறியலாம், கால் அவுன்ஸுக்குக் கைத்தேர்ச்சி வேண்டும், வீசம் என்பது நடவாத காரியம்.

தீர்வு மீன்பிடிப்பவர்களிடமிருந்து வரவில்லை, துணி ஆலையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட் நகரத்து ஆல்ஃப்ரட் ஹோல்டன் இலிங்வொர்த் கம்பளி நெசவுத் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆலையில் கண்டு அசையாமல் நிற்க, நூல் அதன் நுனிவழியே தானாக உருவிக்கொண்டு போவதை அன்றாடம் பார்த்தவர். அதே முறையில் உருளை சுழலாத ரீல் ஒன்றுக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். ஸ்காட்லாந்தின் மல்லாக் என்பவர் 1884-இலேயே உருளையைத் திருப்பி வைத்து எறியும் வழியைக் கண்டிருந்தார் என்றாலும் முழுமையான வடிவம் இலிங்வொர்த்தினுடையதே. இனி இரை எதையும் சுழற்ற வேண்டியதில்லை. தன் பின்னே நரம்பை இழுத்துச்சென்றால் போதும். 1938-இல் டூபான்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. நம்மூரில் தங்கூஸ் என்று சொல்லும் ஒற்றையிழை நரம்பு அதன் வழி வந்தது. போருக்குப் பின் பிரான்ஸின் மிட்செல் ரீல்கள் அமெரிக்கக் கடைகளை நிறைத்தன. மெல்லிய நைலானும் சுழலா உருளையும் சேர்ந்தபோது அரைக்கால் அவுன்ஸ், ஏன், வீசம்கூட எறியக்கூடிய எடையாயிற்று. கோடைக்காலத்து ஆழமற்ற நதி அப்போதுதான் உண்மையில் திறந்தது என்று நான் கருதுகிறேன்.

மென்னிரையின் கதை இதற்கு இணையாக நடந்தது. ரப்பர் நகரம் எனப் பெயர்பெற்ற ஒஹையோ மாநிலத்து ஆக்ரனில் நிக் கிரீம், அவர் மனைவி காஸ்மா இருவரும் தம் வீட்டுச் சமையலடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி வார்த்து 1949-இல் மண்புழு வடிவ இரையை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். புழுவுக்குப் பின் வளைவால் வந்தது, துடுப்புவால் வந்தது. கலிஃபோர்னிய நீர்த்தேக்கங்களில் ரெயின்போ டிரவுட்டைத் தின்று கொழுத்த பெருவாய் பாஸ்களைக் குறிவைத்து, ஒரு சாணுக்கு மேல் நீளமான போலி மீன்களைச் செய்யும் வழக்கம் பரவியது. ஸ்விம்பெய்ட் என்ற சொல் அந்தப் பெரிய போலி மீன்களோடு ஊரறிந்ததாயிற்று. இன்று அதே சொல் நதியில் வீசும் மூன்றங்குல மென்மீனுக்கும் வழங்குகிறது. அதற்குத் தலையாக ஒரு கையளவு பொட்டலத்தில் பத்து ஈயக்குண்டுகள். ஈயம் மலிவு, குறைந்த வெப்பத்தில் உருகும், எந்த அச்சிலும் படியும். வீட்டுக் கொட்டகையில் பழைய கார்ச்சக்கர எடைகளை உருக்கித் தலை வார்ப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அந்தப் புகை அவர்களுடைய நுரையீரலுக்குப் போவது பற்றி வெகுகாலம் யாரும் பேசவில்லை.

பேச வைத்தவை பறவைகள். தேம்ஸ் நதியின் அன்னங்கள் மெலிந்து, கழுத்தை நிமிர்த்த முடியாமல் முதுகின்மேல் சாய்த்தபடி செத்தன. அன்னத்துக்குப் பல் இல்லை. விழுங்கிய கூழாங்கற்களே வயிற்றிலுள்ள தசைப்பையில் இரையை அரைக்கின்றன. கரைச்சேற்றில் கிடந்த ஈயமணிகளைக் கூழாங்கல் என்று எண்ணி அவை விழுங்கின. தசைப்பை அரைக்க அரைக்க ஈயம் இரத்தத்தில் கலந்தது. பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நம் புலவர்கள் சொல்லிவைத்த பறவைக்குக் கல்லையும் ஈயத்தையும் பிரிக்கத் தெரியவில்லை. 1981-இல் இயற்கைப் பாதுகாப்பு மன்றமும் 1983-இல் மாசு குறித்த அரச ஆணையமும் அறிக்கை தந்தன. 1987-ஆம் ஆண்டு தொடங்கியபோது 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈயத் தூண்டில் எடைகள் பிரிட்டனில் தடைப்பட்டிருந்தன.

அமெரிக்காவில் அன்னத்தின் இடத்தில் லூன். வட ஏரிகளில் இரவில் ஊளையிடுவது போலக் குரலெழுப்பும் நீர்ப்பறவை அது. நரம்பறுத்துக்கொண்டு போன மீனை அது பிடித்து விழுங்கும்போது முள்ளும் ஈயத்தலையும் சேர்ந்தே உள்ளே போகின்றன. நியூ இங்கிலாந்தில் இறந்து கிடைத்த வளர்ந்த லூன்களைக் கால்நடை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தபோது ஈயம் முதன்மைக் காரணங்களில் ஒன்றாக வெளிப்பட்டது. 1994-இல் மத்திய சுற்றுச்சூழல் முகமை நாடு முழுவதற்குமான தடையை முன்மொழிந்து, பின்னர் அதை முடிக்காமலே விட்டது. நியூ ஹாம்ப்ஷயர் 2000-இல் முதல் கட்டத் தடையைக் கொண்டுவந்து, 2016-இல் ஓர் அவுன்ஸும் அதற்குக் குறைந்ததுமான ஈய எடைகளை விற்பதற்கே தடை விதித்தது. நியூயார்க், வெர்மான்ட், மெய்ன் முதலியன வெவ்வேறு அளவுகளில் பின்தொடர்ந்தன.

இச்சட்டங்கள் குறிக்கும் எடைகளை வாசகர் கவனிக்க வேண்டும். ஆழ்கடலுக்கான பெருங்குண்டுகளைச் சட்டம் தொடவில்லை. பறவையின் தொண்டையில் இறங்கும் எடை எதுவோ, அதுவே ஆழமற்ற நதிக்கு ஏற்ற எடையும். பிரிட்டனில் தக்கைத் தூண்டிலுக்கான சிறு ஈயமணிகள் பழமையானவைதாம். ஆனால் அமெரிக்க நதிகளில் வீசமும் அரைக்காலும் பரவலானது பிராட்ஃபர்ட் கண்டின் உபயம். நதியைத் திறந்த கருவியே அதன் அடியில் இந்த நஞ்சையும் தூவ வழிசெய்தது. தடையை எதிர்த்தவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். விலை கூடும், ஏழைத் தூண்டிற்காரர் ஒதுக்கப்படுவார் என்ற அவர்களின் வாதத்தில் உண்மை இருந்தது. டங்ஸ்டன் எடைகள் ஈயத்தைக்காட்டிலும் பலமடங்கு விலையுள்ளவை.

டங்ஸ்டனின் அடர்த்தி 19.3, ஈயத்தினது 11.3. எனவே அதே எடை சிறிய உருண்டையாக, விரைந்து மூழ்கும். ஆழத்துக்கு அது நல்லது. முழங்கால் நீரில் விரைந்து மூழ்கி ஆகப்போவது என்ன? இங்கே எனக்கு ஏற்றது தகரம் என்றும் நாம் சொல்லும் உலோகம். தமிழில் அதற்கு வெள்ளீயம் என்று பெயர். நஞ்சான மற்றது காரீயம். இரண்டையும் ஈயம் என்றே சொல்லி, நிறத்தால் பிரித்து, ஒன்றில் ரசம் வைத்து மற்றொன்றை விலக்கிய அறிவு நம் சமையலறையில் இருந்தது. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. அரைக்கால் அவுன்ஸ் வெள்ளீயம், அதே எடைக் காரீயத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பருமன். நீர் அதைக் கூடுதலாகத் தாங்குவதால் மெல்ல இறங்கும். குறையென்று கடைக்காரர்கள் சொல்லும் இந்தப் பருமன் பாறைப்படிகளுக்கிடையில் எனக்கு நன்மையாகவே இருந்திருக்கிறது.

ஆகஸ்டில் நீர் வற்றித் தெளிந்திருக்கையில் வீசம், வழக்கமான ஓட்டத்துக்கு அரைக்கால், மழைக்குப்பின் நீர் ஏறினால் மூன்று வீசம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மேரிலாந்தில் வீசிய முதல் பருவத்தில் எத்தனை தலைகளைப் பாறையிடுக்கில் இழந்தேன் என்று எண்ணவில்லை. அவை எல்லாம் காரீயம். பெரும்பாலும் கால் அவுன்ஸ்.