ஆங்கில வினைகளின் இறந்தகாலம் - ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கிலம் பயில்வோரைப் பெரிதும் இடர்ப்படுத்துவது அம்மொழி வினைகளின் இறந்தகால வடிவமாகும். நடத்தலைக் குறிக்கும் 'வோக்' என்னும் வினை 'வோக்ட்' என ஈறு பெற்று இறந்தகாலம் காட்டுகின்றது. பாடுதலைக் குறிக்கும் 'சிங்' என்பதோ ஈறு எதுவும் பெறாது 'சாங்' என உயிர் திரிந்து நிற்கின்றது. முன்னையதை விதி எனவும் பின்னையதை விதிவிலக்கு எனவும் பாடநூல்கள் வகுக்கின்றன. இன்றைய வழக்கை நோக்குமிடத்து இப்பாகுபாடு பொருத்தமானதே. ஆயின், விதிவிலக்குகள் எனப்படுவனவற்றுட் பல, முந்தியதொரு விதியின் எச்சங்கள் என்பதை மொழிவரலாறு புலப்படுத்துகின்றது.

உயிர் திரிந்து காலங்காட்டும் முறை இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிலிருந்து வந்த தொன்மை வாய்ந்த முறையாகும். ஈறு சேர்க்கும் முறை ஜேர்மானியக் கிளையிற் பின்னர் தோன்றியது. 'செய்' எனப் பொருள்படும் துணைவினையே அவ்வீறாகக் குறுகிற்று என அறிஞர் பலர் கருதுவர். யாக்கோப் கிறிம் என்னும் ஜேர்மானிய அறிஞர் முன்னையவற்றை வல்வினைகள் எனவும் பின்னையவற்றை மெல்வினைகள் எனவும் பெயரிட்டார். பழைய ஆங்கிலத்தில் முந்நூற்றுக்கு மேற்பட்ட வல்வினைகள் ஏழு வகுப்புகளாக ஒழுங்குற அமைந்திருந்தன.

1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றதன் பின்னர் நிலைமை மாறியது. அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஆட்சி பெற்றது. ஆங்கில வல்வினைகள் பல வழக்கொழிந்தன. பிரெஞ்சிலிருந்து புகுந்த வினைகளோ ஏறத்தாழ அனைத்தும் மெல்வினை ஈற்றையே ஏற்றன. இவ்வாறு பெருகிய மெல்வினைகளை ஒப்புமையாகக் கொண்டு, 'ஹெல்ப்', 'பேக்' முதலிய பழைய வல்வினைகளும் ஈறு பெறலாயின.

எனினும், இம்மாற்றம் ஒரு திசையில் மட்டும் நிகழவில்லை. 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு இதற்குத் தக்க சான்றாகும். உதவுதலைக் குறிக்கும் 'ஹெல்ப்' என்பதன் பழைய எச்சவடிவமான 'ஹோல்பென்' அதிற் காணப்படுகின்றது. தோண்டுதலைக் குறிக்கும் 'டிக்' என்பதோ அதில் ஈறு பெற்று வருகின்றது. இன்று 'ஹெல்ப்' ஈறு பெறுகின்றது. 'டிக்' உயிர் திரிந்து 'டக்' ஆகின்றது. ஒழுங்கும் ஒழுங்கின்மையும் தம்முள் இடம் மாறிக்கொண்டமையை இவ்விரு வினைகளும் காட்டுகின்றன. மேலும், 'கீப்' என்பது 'கெப்ட்' ஆவது போன்றவை தோற்றத்தில் மெல்வினைகளே. ஒலிமாற்றத்தால் நெட்டுயிர் குறுகியமையே அவற்றை வேறுபடுத்திற்று.

அங்ஙனமாயின், பழைய வடிவங்களுட் சில மட்டும் நிலைத்தமைக்குக் காரணம் யாது? வழக்கின் மிகுதியே அதற்குரிய முதன்மைக் காரணமாகும். ஹார்வாட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2007 இல் வெளியிட்ட ஆய்வொன்று, பழைய ஆங்கிலத்தின் ஒழுங்கில் வினைகள் 177 ஐ எடுத்து நோக்கிற்று. அவற்றுள் 145 இடைக்கால ஆங்கிலத்திலும், 98 இக்கால ஆங்கிலத்திலும் ஒழுங்கில் வினைகளாகவே எஞ்சின. அருகி வழங்கியவை விரைவில் ஈறு பெற்றன. நாள்தோறும் வழங்கியவை பழைய வடிவைப் பேணின. அடிக்கடி கேட்கும் வடிவத்தைக் குழந்தை அவ்வாறே மனங்கொள்ளும். அரிதாகக் கேட்பதற்கோ பொதுவிதியை நாடும். இக்காரணம் பற்றியே, ஆங்கிலத்தில் மிகுதியும் வழங்கும் பத்து வினைகளும் ஒழுங்கில் வினைகளாக உள்ளன. செல்லுதலைக் குறிக்கும் 'கோ' என்பது, 'வெண்ட்' என்னும் பிறிதொரு வினையின் இறந்தகால வடிவையே தனதாக்கிக் கொண்டது.

எனவே, ஒழுங்கில் வினைகளை மொழியின் குறைபாடு எனக் கொள்ளுதல் பொருந்தாது. அவற்றை நிலைநிறுத்தியது இலக்கண நூலோரின் ஆணையன்று. தலைமுறைதோறும் அவற்றை இடையறாது வழங்கிய மக்களின் நாவேயாகும்.